மாம்பலமா, பள்ளிக்கரணையா, முடிச்சூரா? தண்ணீர் போகும் வழியை வைத்து ஒரு கணக்கு

போன ஐப்பசியில் மட்டும் நான்கு பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், விஷயம் ஒன்றுதான். கையில் ஒரே பட்ஜெட், சென்னையில் மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள்: மேற்கு மாம்பலத்தில் இருபத்தைந்து வருடப் பழைய ஃபிளாட், பள்ளிக்கரணை பக்கம் லிஃப்ட், நீச்சல் குளம் எல்லாம் வைத்த புது அடுக்ககம், அதுவும் இல்லையென்றால் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மனை வாங்கித் தனி வீடு. இதில் எங்கே தண்ணீர் வராது?

மூன்றிலும் வரும். சென்னை ஒரு தாம்பாளம் மாதிரி, கடல்மட்டத்திலிருந்து சராசரியாக ஆறேழு மீட்டர் உயரம்தான், சில இடங்கள் அதுகூட இல்லை. அதனால் "வருமா வராதா" என்று கேட்டால் தரகர் "இந்தத் தெருவுக்கு வரவே வராது சார்" என்பார், எதிர்வீட்டுக்காரர் "2015-ல கழுத்தளவு" என்பார், இரண்டுமே ஓரளவு உண்மையாக இருக்கும். நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: வந்த தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும், அந்த வழியில் குறுக்கே என்ன நிற்கிறது?

இந்தப் புத்தி எனக்குச் சும்மா வரவில்லை. 2015 டிசம்பர் 1 அன்று வேளச்சேரியில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, குளியலறைத் தரைத் துளை வழியாகக் குமிழி விட்டுக்கொண்டு வந்தது. வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தபோது ஹாலில் செருப்பு மிதந்தது. மாடி வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், படிக்கட்டுச் சுவரில் கரித்துண்டால் மணிக்கு ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரம் எழுதிக்கொண்டே வந்தார். நள்ளிரவுக்கு மேல் மழை தூறலாகிவிட்டது, அப்பாடா என்று படுத்தோம். விடிந்து பார்த்தால் தண்ணீர் அவருடைய கடைசிக் கோட்டுக்கு மேலே இரண்டு செங்கல் வரிசை ஏறியிருந்தது. எங்கள் தெருவில் பெய்தது அவ்வளவு இல்லை. அது தாம்பரத்துப் பக்கமும் மடிப்பாக்கத்துப் பக்கமும் பெய்து, நிதானமாக எங்களைத் தேடி வந்த தண்ணீர். தாம்பரத்தில் அன்றைக்கு ஒரே நாளில் 49 செ.மீ.

## ஊரின் உருவம் ஏன் முக்கியம்

சென்னையில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது, அதுவும் கண்ணுக்குத் தெரியாத சரிவு. நாம் போட்டவை எல்லாம் வடக்கு தெற்காக ஓடுகின்றன: தாம்பரம் வழியே தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலை, அதை ஒட்டிய ரயில் பாதை, பறக்கும் ரயில், பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆர்., பக்கிங்காம் கால்வாய், கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆர். ஒவ்வொன்றும் தண்ணீருக்கு ஒரு கரை. தாண்ட வேண்டுமென்றால் அடியில் சிறு பாலமோ பெரிய பாலமோ வேண்டும், அதன் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் போகும். பறக்கும் ரயிலின் தூண்களைப் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே இறக்கிய ஊர் இது.

பெரிய அளவில் இப்படி என்றால் தெரு அளவிலும் ஒரு உருவம் உண்டு. தெருக்கள் நேராக, ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஓடினால் தண்ணீருக்கு வழி கிடைக்கும், வேகமும் இருக்கும். கட்டடங்கள் தாறுமாறாக நின்று தெருக்கள் முட்டுச்சந்தில் முடிந்தால் தண்ணீர் சுற்றிச் சுற்றித் தேங்கி ஆழமாகும். கட்டடங்கள் எவ்வளவு நெருக்கமாக, எந்த ஒழுங்கில் நிற்கின்றன என்பதை வைத்து வெள்ளத்தின் ஆழத்தையும் வேகத்தையும் கணக்கிடுவதைப் பற்றிக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வின் வளாகத்தார் 2024-ல் ஒரு ஆய்வே வெளியிட்டார்கள். நமக்கு அவ்வளவு கணிதம் வேண்டாம். ஒரு பெருமழை நாளில் தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதைப் பக்கம் போய் நின்றாலே போதும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பவை ஐந்து. முதலில், தண்ணீர் யாருடையது: உங்கள் தெருவில் பெய்ததா, மேலே இருக்கும் ஏரிகள் நிரம்பி வருவதா, ஆறு கரை தாண்டி வருவதா? சொந்த மழைக்குக் கணக்கு உண்டு, அடுத்தவர் தண்ணீருக்குக் கிடையாது. இரண்டாவது, எவ்வளவு நேரம் நிற்கும்? முழங்கால் தண்ணீர் நாலு மணி நேரம் நின்றால் துடைத்துவிட்டுப் போகலாம், அதே முழங்கால் நாலு நாள் நின்றால் மரக் கதவு, கட்டில், மோட்டார், சுவர்ப் பூச்சு எல்லாம் போச்சு. சேதத்தை நிர்ணயிப்பதில் ஆழத்துக்குச் சமமாக நேரத்துக்கும் பங்கு உண்டு, இதை வீடு பார்க்கும்போது யாரும் கேட்பதே இல்லை. மூன்றாவது, போவதற்கு எத்தனை வழி: ஒன்று அடைத்தால் இன்னொன்று இருக்கிறதா? நான்காவது, தரையோடு தரையாக எது இருக்கிறது: நீங்களா, உங்கள் காரா, மின்மீட்டர் போர்டா? ஐந்தாவது, நிலைமையை மாற்றும் சாவி யார் கையில்: உங்களிடமா, குடியிருப்போர் அசோசியேஷனிடமா, மாநகராட்சியிடமா?

## பழைய நகரம்: மேற்கு மாம்பலம், தி.நகர்

இங்கே ஒரு வேடிக்கை. மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்றே ஒரு பகுதி. ஏரியைத் தேடிப் போனால் கிடைக்காது. 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகரை உருவாக்கினார்கள், நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மண்ணும் களிமண், தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது. ஆக, அடிப்படையில் நீங்கள் ஏரிப் படுகையில்தான் வீடு வாங்குகிறீர்கள், நூறு வருடப் பழைய படுகை என்பதால் யாருக்கும் உறைப்பதில்லை.

ஆனால் தி.நகரை ஒரு திட்டம் போட்டுக் கட்டினார்கள். பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் தெருக்கள் விரிகின்றன, தெருவுக்குத் தெரு இணைப்பு உண்டு, வள்ளுவர் கோட்டம் பக்கமிருந்து மாம்பலம் கால்வாய் ஓடி அடையாற்றில் சேர்கிறது. இந்தக் கால்வாய் தொண்டை அடைத்தால் என்ன ஆகும் என்பதை 2021 நவம்பரில் பார்த்தோம்: ஒரே இரவில் 20 செ.மீ.க்கு மேல் பெய்ய, பாண்டி பஜாரிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் நாட்கணக்கில் நின்றது. அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு போட்டார்கள், 2022-ல் நகரின் மையப் பகுதியில் மழைநீர் வடிகால்கள் மளமளவென்று வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தப் பகுதி தெற்குப் புறநகரை விடச் சீக்கிரம் வடிந்தது. மாநகராட்சியின் கண் படும் இடம், மோட்டார் முதலில் இங்கே வரும், அமைச்சர் வந்து பார்ப்பார். அநியாயம்தான், ஆனால் வீடு வாங்குகிறவர் இதையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும்.

மேற்கு மாம்பலத்துக்கு ஒரு கூடுதல் தொல்லை, கிழக்கே ரயில் பாதை. தண்ணீரும் மனிதரும் தாண்டுவதற்கு அதே சில சுரங்கப்பாதைகள்தான். அப்புறம் அடையாற்றை ஒட்டிய ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை ஓரங்களை இதோடு சேர்க்காதீர்கள், அங்கே பேச்சு ஆற்றைப் பற்றியது.

மறைமுகச் செலவு எங்கே என்றால் சாலையில். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்பது விதி, பல தெருக்களில் வருடக்கணக்கில் மேலேயே போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன ஃபிளாட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. படிகளை எண்ணுங்கள், புதைந்த படி இருக்கிறதா என்று பாருங்கள். தரைத்தளம் மட்டும் சந்தையை விட மலிவாகக் கிடைத்தால் காரணம் இதுதான். முதல் மாடி, இரண்டாம் மாடி என்றால் நனைவது சம்ப்பும் (தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) மோட்டாரும் இரு சக்கர வண்டியும். சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டால் இறைத்து, கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு மறுபடி குடிக்கிற நிலைக்குக் கொண்டுவர ஒரு வாரம் தண்ணீர் லாரிதான். இதோடு பழைய கட்டடம் என்பதால் வங்கிக் கடன் கெடுபிடி தனி.

## கழுவெளியின் விளிம்பு: பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம்

நீளமாக எழுத வேண்டியது இதைப் பற்றித்தான், ஏனென்றால் விளம்பரம் அதிகம் வருவதும் இங்கிருந்துதான்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், பழைய பேச்சில் கழுவெளி, தெற்குச் சென்னையின் கிண்ணம். ஏறத்தாழ 250 சதுர கி.மீ. பரப்பில் பெய்யும் மழை மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் மாதிரி வரிசையாக ஏரிகளைத் தாண்டி இங்கேதான் இறங்குகிறது. ஒரு காலத்தில் 50 சதுர கி.மீ.க்குக் குறையாமல் இருந்த சதுப்பு இன்று ஆறேழு சதுர கி.மீ.தான். ஒரு மூலையில் பெருங்குடி குப்பைக் கிடங்கு, இன்னொரு பக்கம் சாலை, மற்ற பக்கமெல்லாம் அடுக்ககம். கிண்ணம் சுருங்கிவிட்டது, ஊற்றுகிற அளவு குறையவில்லை, இன்னும் சொன்னால் மேலே எல்லாம் கான்கிரீட் ஆகிவிட்டதால் முன்பைவிட வேகமாக வந்து விழுகிறது.

வெளியேறும் வழிதான் முக்கியம். ஒக்கியம் மடுவு வழியாக ஓ.எம்.ஆருக்கு அடியில் புகுந்து, பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, தெற்கே முட்டுக்காடு வரை நகர்ந்து, அங்கே கடல். பெரிய வழி என்று சொல்ல இருப்பது இது ஒன்றுதான், சரிவும் கிட்டத்தட்ட கிடையாது. புயல் நேரத்தில் கடல் பொங்கி நின்றால் கால்வாய்த் தண்ணீர் போக இடமில்லாமல் அப்படியே நிற்கும். 2023 மிக்ஜாமில் நடந்தது இதுதான்: மழை நின்று வெயில் அடித்த பிறகும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் தெருக்களில் படகு ஓடியது. வேளச்சேரிக்காரர்கள் இப்போதெல்லாம் ரெட் அலர்ட் என்று காதில் விழுந்தவுடன் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்திவிடுகிறார்கள். சிரிப்பாகத் தெரியலாம், ஆனால் தன் ஊரின் உருவத்தை அதைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டவர்கள் யாரும் இல்லை.

சரி, அடுக்ககம் என்றால் நான் ஆறாவது மாடியில்தானே இருக்கப் போகிறேன் என்று கேட்பீர்கள். உங்கள் ஹாலுக்குத் தண்ணீர் வராது, உண்மை. உங்கள் வாழ்க்கைக்கு வரும். பில்டர் மனையை நாலடி ஐந்தடி நிரப்பி, சுற்றி மதில் எழுப்பியிருப்பார், வளாகம் தீவாகிவிடும், வெளியே ஓ.எம்.ஆர். வரைக்கும் தண்ணீர். மின்சாரத்தை முன்னெச்சரிக்கையாக நிறுத்துவார்கள், ஜெனரேட்டர் டீசல் ஒரு நாள் ஓடும், லிஃப்ட் நின்றால் ஆறு மாடியும் கால்நடை, வீட்டில் வயதானவர் இருந்தால் அவர் இறங்க முடியாது, பால் வாங்கப் போனவர் இடுப்புத் தண்ணீரில் திரும்பி வருவார். ஆகவே வாங்குமுன் மாதிரி வீட்டைப் பார்த்து மயங்காமல் மூன்று இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்: டிரான்ஸ்ஃபார்மரும் மின்மீட்டர் அறையும் எந்த உயரத்தில், ஜெனரேட்டர் எங்கே, பார்க்கிங் தூண்களுக்கு நடுவே தரைமட்டத்திலா, நிலத்துக்கு அடியிலா. அடியில் என்றால் இந்தப் பகுதியில் நான் வாங்க மாட்டேன், அவ்வளவுதான். காரின் சாதாரண இன்ஷூரன்ஸில் தண்ணீர் புகுந்த எஞ்சினுக்குப் பணம் கிடைப்பது கஷ்டம், எஞ்சின் பாதுகாப்புக்குத் தனியாகக் கட்டியிருக்க வேண்டும்.

இன்னொரு செலவு, யாரும் பேசாதது. பக்கத்தில் புதிதாக ஒரு வளாகம் வந்தால் அது உங்களைவிட ஒரு அடி அதிகமாக நிரப்பும். அதுவரை உலர்ந்திருந்த உங்கள் பார்க்கிங் அடுத்த மழையில் குளம். சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது, அதன் எல்லையை ஒட்டிய கட்டுமானங்கள் பசுமைத் தீர்ப்பாயத்திலும் உயர் நீதிமன்றத்திலும் வழக்காகியிருக்கின்றன, பாதி கட்டிய திட்டத்தில் முன்பணம் கொடுத்திருந்தால் வழக்கு முடியும்வரை மாதத் தவணையும் வாடகையும் சேர்த்துக் கட்ட வேண்டியதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு இங்கே யார் வாங்கலாம்? வேலை ஓ.எம்.ஆரில், வீட்டிலிருந்தும் வேலை செய்ய முடியும், வருடத்தில் ஒரு வாரம் வேறு ஊருக்குப் போய்விட வசதி உண்டு, வீட்டில் படுக்கையில் இருக்கும் நோயாளி இல்லை, அசோசியேஷன் சுறுசுறுப்பானது. இந்த ஐந்தும் பொருந்தினால் வாங்கலாம், ஆனால் ஏற்கெனவே 2023-ஐப் பார்த்துவிட்ட கட்டடமாக வாங்குங்கள். அந்த மிக்ஜாம் நாட்களில் என்ன நடந்தது என்று வாட்ச்மேனிடம் கேட்டால் போதும்.

## ஆற்றின் தலைப்பக்கம்: முடிச்சூர், வரதராஜபுரம்

தனி மனை, தனி வீடு, கிணறு, முருங்கை மரம். எனக்கும் ஆசைதான்.

இங்கே தண்ணீர் ஆறு வழியாக வருகிறது. ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளின் உபரி அடையாற்றில் இறங்கும் வழியில்தான் இந்த ஊர்கள். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் 2015-ல் முடிச்சூர் மூழ்கியது என்று இன்றும் பலர் சொல்வார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரி திருநீர்மலைப் பக்கம்தான், அதாவது முடிச்சூருக்குக் கீழேதான், அடையாற்றில் சேர்கிறது. 2015-ல் வினாடிக்கு 29,000 கன அடி திறந்தது சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் எமன், முடிச்சூருக்கு வந்தது இந்தச் சின்ன ஏரிகளின் தண்ணீர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், டி.வி.யில் செம்பரம்பாக்கம் நிலவரம் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது.

தெருவின் உருவம் இங்கே இன்னும் மோசம். ஒருவர் தன் வயலை மனை போட்டு விற்பார், அடுத்தவர் தன் வயலை வேறு கோணத்தில் போட்டு விற்பார், இரண்டு லேஅவுட்டின் தெருக்களும் சேராது, நடுவில் ஒரு மதில். வயலுக்குப் பாய்ந்த வாய்க்கால் மட்டும் இரண்டுக்கும் பொது, அது ஒரு பக்கம் தெருவாகவும் மறுபக்கம் யாரோ ஒருவரின் கார் ஷெட்டாகவும் மாறியிருக்கும். தண்ணீருக்கு மட்டும் பழைய வழி மறப்பதில்லை. மேலே வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை ஒரு உயரமான கரையாகக் குறுக்கே போகிறது. 2015-க்குப் பிறகு அடையாற்றை அகலப்படுத்தினார்கள், மூடு கால்வாய்கள் போட்டார்கள், அதனால் நிலைமை முன்பைவிடப் பரவாயில்லை, ஆனாலும் மிக்ஜாமில் மறுபடி தண்ணீர் புகுந்தது.

இதில் ஒரே ஒரு பெரிய நன்மை, சாவி உங்கள் கையில். பேஸ்மட்டத்தை எவ்வளவு உயர்த்துவது, மின் போர்டை எங்கே வைப்பது, கீழே தூண் விட்டு மேலே வீடு கட்டுவதா என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். ஏற்கெனவே கட்டிய வீடென்றால் ஜாக்கி வைத்து மூன்று நான்கு அடி தூக்கிக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், வேடிக்கை பார்க்கவே கூட்டம் கூடும். செலவுதான் இருக்கிறது: சவுடு மண் லோடு, உயரத்துக்கு ஏற்ற தூண், கழிவுநீர்த் தொட்டியை மேலே ஏற்றுவது, திரும்பி வராமல் தடுக்கும் வால்வு. மலிவு என்று வாங்கிய மனையின் மலிவில் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விடும். விற்பவர் காட்டும் அப்ரூவலையும் கவனியுங்கள். அனுமதி வாங்காமல் போட்ட மனைகளுக்காக 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் சீரான மனை என்றால் ஆவணம் சரி என்று மட்டும்தான் அர்த்தம், அந்த மனை பள்ளத்தில் இல்லை என்று அரசு சொல்லவில்லை.

## ஒரே பார்வையில்

| | மாம்பலம், பழைய ஃபிளாட் | பள்ளிக்கரணை, அடுக்ககம் | முடிச்சூர், தனி வீடு |
|---|---|---|---|
| தண்ணீர் யாருடையது | பெரும்பாலும் சொந்த மழை | மேலே உள்ள ஏரிகள் எல்லாவற்றினுடையது | ஆறும் ஏரி உபரியும் |
| நிற்கும் நேரம் | வடிகால் வேலை செய்தால் மணிக்கணக்கு | நாட்கணக்கு | ஆறு இறங்கும்வரை |
| போகும் வழி | கால்வாய், பல தெருக்கள் | ஒக்கியம் மடுவு | அடையாறு, அடைபட்ட வாய்க்கால்கள் |
| முதலில் நனைவது | சம்ப், தரைத்தளம் | கார், லிஃப்ட், மின்சாரம் | வீடே |
| சாவி | மாநகராட்சி | அசோசியேஷன் | நீங்கள், ஓரளவு |

திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோர மணல் மேடுகளை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். மணல் தண்ணீரைக் குடித்துவிடும், நல்ல இடம்தான், ஆனால் மேலே சொன்ன பட்ஜெட்டில் அங்கே ஒரு பால்கனி கூடக் கிடைக்காது. வாடகைக்கு என்றால் அங்கே போங்கள்.

## முன்பணம் கொடுக்குமுன்

அரசின் தமிழ்நிலம் இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகை எழுதிய பதிவு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுங்கள். பக்கத்துச் சர்வே எண்கள் ஓடை, வாய்க்கால், ஏரி, கழுவெளி என்று இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் எண் சுத்தமாக இருப்பது மட்டும் போதாது. கூகுள் எர்த்தில் இருபது வருடம் பின்னால் போய் அதே இடத்தின் படத்தைப் பாருங்கள். ஊர்ப் பெயரைக் காது கொடுத்துக் கேளுங்கள், தாங்கல் என்று முடிந்தால் அது ஒரு சிறிய ஏரியின் பெயர். வீட்டுக்கு பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளமும் அடங்கும், மூன்றில் எதை வாங்கினாலும் போட்டுவிடுங்கள். அப்புறம் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்காதீர்கள், அதை எல்லோரும் கூட்டிச் சொல்வார்கள். எத்தனை நாள் கழித்துத் திரும்ப வண்டி போட்டீர்கள் என்று கேளுங்கள்.

நான்கு பேரில் ஒருவர் என் மச்சினர். அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, மகள் பள்ளிக்கூடம் அசோக் நகரில். மாம்பலம், ஆனால் இரண்டாம் மாடி, தரைத்தளம் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து, வாசலில் ஒன்றரைப் படி தெருவுக்குள் புதைந்திருக்கிறது என்று போன் செய்தார். அந்த ஒன்றரைப் படியைச் சொல்லி விலையைக் குறைக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்.